வானம் தெளிவு, அவர் வெளியூர்

வானிலை நிலையப் பதிவாளரின் மனைவிக்குக் கோபம் வந்தால் அவள் இருக்கும் ஊரில் வெயிலடிக்கும். கணவர் போயிருக்கும் ஊரில், அவர் தலைக்கு மேல் மட்டும், இடி இடிக்கும். ஒன்பது வருஷமாக இப்படித்தான். ரயிலடியில் டிக்கெட் கொடுப்பவர், குடை இருக்கிறதா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பார்.

அதற்கு முந்தைய இருபது வருஷமும் அவளுக்குக் கோபமே வந்ததில்லை என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். நிலையமும் வீடும் ஒரே கட்டடம். கீழே அடுப்படி, மேலே மொட்டைமாடியில் கருவிகள். சம்பளப் பதவி அவருடையது, மாடி ஏறிய கால்கள் அவளுடையவை. அங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே, மின்சாரத்தைக் கசியவிடாத கந்தகக் குமிழ்களில் கட்டிய ஒரு கம்பி. காற்றில் இருக்கும் மின்சாரத்தை அந்தக் கம்பி வாங்கி ஒரு முள்ளுக்குக் காட்டும். பனியில் நனைந்த ஒரே ஒரு சிலந்தி இழை குமிழின்மேல் கிடந்தாலும் போதும், அத்தனையும் அதன் வழியே தரைக்கு ஓடிவிடும். அதனால் தினமும் காலையில் மெல்லிய தூரிகையால் வலையைத் துடைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று முள்ளைப் படிப்பாள். கிட்டே நின்றால் ஆளின் உடம்பே அளவைக் கெடுத்துவிடும்.

மேகமில்லாத வானத்திலும் மின்சாரம் உண்டு. நிற்கிற மனிதனின் உள்ளங்காலுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில்கூட உண்டு, யாருக்கும் உறைப்பதில்லை. தெளிந்த நாட்களில், கோடையானாலும் குளிரானாலும், முள் ஒரே மணிக்கு ஏறுவதை அவள்தான் கவனித்தாள். மற்ற நிலையங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். உலகத்தில் இடிமழை அதிகமாகப் பெய்யும் நேரமும் அதுதான் என்று பதில்கள் வந்தன. எங்கோ இடிக்கிற இடிதான் இங்கே அமைதியான வானத்தை நிரப்பி வைக்கிறது, அங்கே அது ஓய்ந்தால் இங்கே ஒரு மணி நேரத்துக்குள் முள் படுத்துவிடும் என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் ‘அட’ என்றார். பிறகு உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினார்.

கட்டுரை பதினோரு பக்கம் அச்சாகி வந்தது. பெயர் அவருடையது. கடைசி வரியில், ஏடுகளைப் பத்திரமாக வைத்திருந்த மனைவிக்கு நன்றி. அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள்.

“நாம ரெண்டு பேரும் வேறயா? என் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே,” என்றார் அவர்.

“அப்ப என் பேரைப் போட்டிருக்கலாமே. உங்க பேரும் வந்த மாதிரி ஆயிருக்கும்.”

அவர் சிரித்தார். பொம்பளை கோபம் பால் பொங்குகிற மாதிரி, தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அந்தத் தங்கையையும் கூட்டிக்கொண்டு தலைநகர் மாநாட்டுக்குப் புறப்பட்டார்.

அவள் பாத்திரம் எதையும் வீசவில்லை. மாடி ஏறினாள். வானத்தில் உள்ளங்கையளவு மேகமில்லை. ஆறடி தள்ளி நின்று முள்ளைப் பார்த்தாள். பதினொன்றரை மணிக்கு முள் கடைசிக் கோட்டைக் கடந்து ஆணியில் முட்டி நின்றது. சற்று நேரத்தில் நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, அங்க மழையா?”

“வெயில். துணி காயுது.”

“இங்க மண்டபத்துக்குள்ள இடி இடிச்சு ஊத்துது. அண்ணன் மேல மட்டும். மைக் வெடிச்சுப்போச்சு. பக்கத்து நாற்காலிக்காரர் மேல ஒரு சொட்டு படல.”

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? சரியா சொல்லு.”

“பதினொன்றரை.” நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, கோபத்த விட்டுடாதீங்க. இன்னும் கேள்வி நேரம் இருக்கு.”

அடுத்த வருஷங்களில் அவர் போன ஊரெல்லாம் இப்படியே ஆனது. சமாதானத்துக்குப் புடவை வாங்கப் போன கடைவாசலில் மின்னல் அவருடைய ஒரு செருப்பைக் கருக்கியது. மறுபதிப்பில் ‘மனைவியின் உதவியோடு’ என்று சேர்த்தார். உதவி என்ற அந்த ஒரு சொல்லுக்காகத் துறைமுக நகரத்தில் மூன்று நாள் இடி விடவில்லை. வறண்ட ஊர்க்காரர்கள் வண்டி வைத்து அவரை அழைத்துப் போனார்கள். வெடித்துக் கிடந்த ஏரியின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மரியாதையாக நனைந்துவிட்டு வந்தார்.

கடைசியில் அவள் பெயரில் புத்தகம் போடலாம் என்று அவரே சொன்னார். தன் பெயரைக் கீழே ‘வலை துடைத்தவர்’ என்று சின்னதாகப் போட்டால் போதும் என்றார்.

“பொய் எழுதக் கூடாது,” என்றாள். “முதல்ல துடைங்க.”

ஒரு வருஷம் துடைத்தார். அதன் பிறகே புத்தகம் அச்சுக்குப் போனது. இனி எல்லாம் அடங்கிவிடும் என்று ஊரே நினைத்தது. மறுமாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன அவர், சாப்பாட்டுப் பந்தியில் தன் இலை மட்டும் மிதக்க எழுந்து, சொட்டச் சொட்ட வீடு வந்தார்.

“பேருதான் போட்டாச்சே. இன்னும் என்ன?”

“பேரு இனிமேலுக்கு,” என்றாள் அவள். “அந்த இருபது வருஷத்துக்கு?”

அவர் ஈரச் சட்டையைப் பிழிந்தார். குடையைக் காயப் போட்டுவிட்டு, தூரிகை எங்கே என்று தேடினார். பதிவேட்டில் இப்போது அவள் கையெழுத்துத்தான். ஒவ்வொரு நாளும் ஒரு வரி, சில நாள் இப்படி: வானம் தெளிவு. மேகம் இல்லை. முள் கடைசிக் கோட்டில். அவர் வெளியூர்.