ஷூவைக் கழற்றச் சொன்னவர்

கர்னலுக்கு அன்று இன்னொரு பதக்கம். சட்டையில் ஏற்கெனவே இடமில்லை. "இனிமே முதுகுலதான் மாட்டிக்கணும்" என்று மனைவி காரில் வரும்போதே கிண்டலடித்தாள்.

மண்டபத்தின் பின்வரிசையில் அவருடைய பழைய காலாட்படை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்து, தொப்பை விழுந்திருந்தது. அவரைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நீண்ட நடை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றச் சொல்வார். ஆள் ஆளாகக் குனிந்து பாதத்தைப் பார்ப்பார். கொப்புளம் இருந்தால் தன் கையாலேயே மருந்து போடுவார். நடக்க முடியாதவனை வைத்துக்கொண்டு காலாட்படை என்ன செய்யும்? என் ஆட்களின் பாதம் எனக்கு அத்துப்படி என்று மைக் கிடைத்த இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். இன்றைய பேச்சையும் அப்படித்தான் தொடங்குவதாக இருந்தார்.

"என்னடா நிக்கிறீங்க? கழட்டுங்கடா ஷூவை! பாதத்தைப் பாக்கணும்."

சிரிப்பு கிளம்பியது. கிழவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கழற்றினார்கள்.

"சார், மூக்கைப் பொத்திக்குங்க" என்றார் முன்பு சமையல்காரராக இருந்தவர்.

"உன் சமையலையே தாங்கினவன்டா நான்!"

ஓரத்தில் ஒருவர் மட்டும் கழற்றவில்லை. பூனை. சருகு மேல் நடந்தாலும் சத்தம் வராது என்பதால் வந்த பெயர்.

"என்ன பூனை, சாக்ஸுல ஓட்டையா?"

"விடுங்க சார்."

"வீட்டுல துவைச்சுத் தரலையா? கழட்டுடா, இது ஆர்டர்!"

பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தியதைக் கர்னல் கவனிக்கவில்லை. பூனை நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவும் சாக்ஸும் கழன்றன. உள்ளே இருந்தது பிளாஸ்டிக் பாதம்.

"இப்பல்லாம் நடந்தா சத்தம் கேக்குது சார்" என்று பூனையே சிரித்துச் சமாளித்தார்.

மலைச் சண்டையில் கண்ணிவெடியில் ஒருவனுக்குக் கால் போனது கர்னலுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்குத்தான் அவருக்கு முதல் பதக்கம். கையோடு மாற்றலாகிப் போய்விட்டார். மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனது யாருடைய கால் என்பதே நாளடைவில் மறந்துபோயிருந்தது.

கர்னல் சட்டென்று மண்டியிட்டு ஷூவை மாட்டிவிடப் பார்த்தார். அந்தப் பாதம் மடங்கிக் கொடுக்கவில்லை. எப்படித் திருப்பினாலும் குதிகால் உள்ளே போக மாட்டேன் என்றது. ஒலிபெருக்கி அவருடைய பதக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருந்தது.

"உங்களுக்கு வராது சார், பழகணும். குடுங்க இப்படி. போங்க, கூப்பிடுறாங்க."

மேடைக்கு எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. பதக்கத்தைக் குத்தினார்கள். மைக் முன்னால் நின்றார். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டார்.

"இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லை" என்று மட்டும் சொன்னார்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். கீழே இறங்கியவரிடம் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன ஒரு அடக்கம்! எல்லாரும் உருகிப்போயிட்டாங்க" என்றாள்.

பின்வரிசையிலும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.