ட்ராயரைத் திறந்தவள்

என் தையல் மெஷின் ட்ராயரை யார் திறந்தாலும் எனக்குப் பிடிக்காது. ஏழு வருடத்துக்கு முன்பு என் நாத்தனார் கத்தரிக்கோல் தேடித் திறந்துவிட்டாள். "அடுத்தவங்க ட்ராயரத் திறக்கிறது என்ன பழக்கம்?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப் போய்க் கடையை விட்டு இறங்கியவள்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. வீம்பில் நானும் லேசுப்பட்டவள் இல்லை.

அந்த ட்ராயரில்தான் பாபின், பட்டனோடு என் நெஞ்செரிச்சல் மாத்திரையும் இருக்கும். வருடக்கணக்காக அதுதான் எனக்குத் துணை. கடைசியில் டாக்டர், வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறதா என்று பையில் ஊதவைத்துப் பார்க்கச் சொன்னார். "ரெண்டு வாரம் இந்த மாத்திரையத் தொடாதீங்க. தொட்டா கிருமி இருந்தாலும் இல்லன்னு காட்டிடும்."

தொடவில்லை. அதாவது, முழுசாகத் தொடவில்லை. கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிப் போட்டுக்கொண்டேன். துணியில் ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, பாதி மாத்திரையும் மாத்திரைதான் என்று உறைக்கவே இல்லை!

லேபில் பையை நீட்டியது நாத்தனார். அங்கேதான் அவளுக்கு வேலை. வெள்ளைக் கோட்டின் தோள் முழங்கை வரை தொங்கியது. எவன் தைத்தானோ.

"மாத்திரை எதுவும் போட்டீங்களா?"

"இல்ல."

ஏழு வருடம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை பொய்.

கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. மறுநாள் மத்தியானம் அதே தொளதொள கோட்டோடு கடைக்குள் வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை நான் எங்கே வைப்பேன் என்று அன்று திறந்தபோதே பார்த்திருந்தவள், நேராக ட்ராயரை இழுத்தாள். குண்டூசி டப்பாவைத் திறந்தாள். உள்ளே பாதி மாத்திரை.

"இது என்ன அண்ணி?"

"பாதிதானே..."

"பாதியா? இதென்ன ப்ளவுஸ் பிட்டா, பாதி வெட்டி வைக்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கண்ணன் என்ன பண்ணுவாரு? நான் என்ன பண்ணுவேன்?"

கடைசிக் கேள்வியில் அவள் குரல் உடைந்தது.

மாத்திரை அட்டையை எடுத்துப் போய்விட்டாள். பிறகு இரண்டு வாரம், தினமும் வந்து ட்ராயரைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் நெஞ்சு எரிய எரியத் தைத்தேன். திரும்ப ஊதினேன். கிருமி இருந்தது. மருந்து சாப்பிட்டதும் எரிச்சல் ஓடியே போனது.

மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாய்கிற வலி மட்டும் போகவில்லை. "மெஷின்ல குனியிறவளுக்கு முதுகு வலிக்காம என்ன?" என்றேன்.

"எரிச்சல் போயிடுச்சு, இது போகலையே. அப்ப இது வேற." கையைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள்.

கணையத்தில் ஒரு கட்டி. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆகிற வழியில் இருக்கிறது என்றார் டாக்டர். வெட்டி எடுத்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அந்தக் கிருமியாலதான் இது வந்துச்சா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. இருக்குன்னு அடிச்சுச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது."

அவர் சொன்னால் சரிதான். கிருமிக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, என் விஷயத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்னைக் கூட்டிப் போனவள் என் நாத்தனார். அவள் முதல் ரிசல்ட்டை நம்பியிருந்தால், அந்த வலிக்கும் பாதி மாத்திரை போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன்.

மறுபடி கடை திறந்த அன்று அவள் வந்தாள். பழக்கத்தில் ட்ராயரில் கை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"திறக்கட்டுமா அண்ணி?"

"திற. உனக்காகத்தான் வச்சிருக்கேன்."

உள்ளே ஒரு புது வெள்ளைக் கோட்டு. அளவெடுக்காமல், கண்ணாலேயே பார்த்து வெட்டியது. போட்டுப் பார்த்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கைமடிப்பைச் சரிசெய்ய வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு குனிந்தேன். அதைச் சாக்கு வைத்து இன்றைக்கும் பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

ஊசிகளை வாயிலிருந்து எடுத்தேன்.

"அன்னிக்கு உன்னைக் கேட்டது தப்பு. நீ திறந்ததாலதான் நான் இருக்கேன்," என்றேன்.