கோழிக்கூட்டுக்கு ஓர் இருமல்

எங்கள் தெருவில் வெளியூர் போகிறவர்கள் தங்கள் இருமலைக் கோழிக்கூட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். சத்தம் கேட்டால், வீட்டில் ஆள் இருக்கிறது என்று கீரி விலகிப் போய்விடும். கூட்டின் முன் குனிந்து, நெஞ்சில் இருப்பதை மெதுவாக இறக்கி வைத்துக் கதவைச் சாத்தினால் போதும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் இருமல் நல்ல இருமல். நூற்பாலையில் இரவு ஷிப்டில், பஞ்சுத் தூசியில் வளர்ந்தது. அடுத்த தெருக்காரர்கள்கூட இரவல் கேட்டிருக்கிறார்கள். கொடுத்ததில்லை. விடிந்து நான் வீடு திரும்பும்போது கதவருகே வந்து நிற்பவை அந்தக் கோழிகள் மட்டும்தான். அவற்றின் காவலை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

தம்பி மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. ஷிப்ட் முடிந்து எரிகிற கண்ணோடு கூட்டின் முன் குனிந்து, இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். கோவில்பட்டி தாண்டியதும் இருமினேன்.

பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் நீட்டினார். இருமல் என்னிடமே இருக்கிறதென்றால், கூட்டில் இருப்பது குறட்டை. தூக்கக் கலக்கத்தில் எது மேலாக இருந்ததோ அதை வைத்துவிட்டேன். ஆள் தூங்குகிற வீட்டில் கீரிக்கு என்ன பயம்?

பக்கத்து வீட்டு இசக்கி மதினிக்குப் போன் போட்டேன்.

“மதினி, கூட்டுல என்ன சத்தம் கேக்கு?”

மதினி தணிந்த குரலில் பேசினாள். “உங்க குறட்டைதான். கீரி வந்து கதவுகிட்ட உக்காந்திருக்கு.”

“விரட்டுங்களேன்.”

“நல்லாருக்கே கொழுந்தனாரே. நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்குற வீட்டுல எப்படிச் சத்தம் போடுறது? நீங்க தூங்கையில நான் மிக்ஸி போட்டு எப்பவாவது பாத்திருக்கீகளா?”

“நான் பஸ்ல இருக்கேன் மதினி.”

“நீங்க எங்கன வேணா இருங்க. குறட்டை இங்கனதான இருக்கு.”

அவள் சொல்வது நியாயம். தெருவில் பாதிப் பேருக்கு ஆலையில் இரவு வேலை. பகலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட உருட்டாமல் தோளில் தூக்கித்தான் வருவார்.

மறுநாள் தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மேலாக இருமினேன். மண்டபத்துக்குள் கீரி எதுவும் வரவில்லை. எனக்குச் சாப்பாட்டில் மனம் ஒட்டவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு முதல் பந்தியோடு கிளம்பிவிட்டேன்.

கூட்டின் முன்னால் கீரி உட்கார்ந்திருந்தது, முன்கால்களை மடித்து, வாயை இறுக மூடி. வயிறு ஒட்டிப்போயிருந்தது. அதுவும் இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்ததுதானே. நான் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. உள்ளே கோழிகள் கொக்கரிக்காமலே முட்டையிட்டிருந்தன.

கதவைச் சற்றே நீக்கி, குறட்டையை எடுத்துக்கொண்டு ஒருமுறை இருமினேன். கீரி அப்பாடா என்று எழுந்து, சோம்பல் முறித்து, வேலிக்குள் நுழைந்து போனது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

கதவை முழுதாகத் திறந்தேன். பெட்டைகள் வந்து காலைச் சுற்றின. சேவலைக் காணோம். அது நிற்கிற இடத்தில் கூவல் மட்டும் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மதினியைக் கேட்டேன். “சேவல் எங்க மதினி?”

“சிவகிரியில ஏதோ விசேஷமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்கதான் தூங்கிக்கிட்டு இருந்தீகளே.”

கூவல் தெளிவாக, கரகரப்பில்லாமல் இருந்தது. அதன் முன்னால் ஒரு கை கம்பு போட்டேன்.