உதிரும் வரைக்கும்

“அந்தக் கட்ட அவுருடா” என்றார் கலியாணசுந்தரம் மாமா.

சேதுராமன் காதில் விழாதவன்போலத் தம்பியின் தலைக்கு அரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வீட்டின் பின்பக்கம் நான்கு பேர் வேட்டியை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். நடுவே பலகையில் கருணாகரன் கிடந்தான். பின்மண்டையில்தான் அடி. முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன்போல இருந்தான். இடுப்பில் சுற்றியிருந்த துண்டுக்குக் கீழே, இரண்டு தொடையிலும் முழங்கால் வரைக்கும் வெள்ளைத் துணிக் கட்டு. முதுகிலும் இருந்தது. அது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

“உங்கிட்டதான்டா சொல்றேன். கட்டோட குளிப்பாட்டுற வழக்கம் நம்மகிட்ட கெடயாது.”

“இருக்கட்டும் மாமா. ஆஸ்பித்திரியில போட்டது.”

“அடி பட்டது பின்மண்டையில. தொடையில எதுக்குக் கட்டு?”

மறைப்புப் பிடித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா குனிந்து துணி முடிச்சில் விரலை வைத்தார். சேதுராமன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது. அம்மாவின் கூடப் பிறந்தவர். அப்பா போனபின் இந்த வீட்டைத் தாங்கியவர். அவர் கையை இந்த வீட்டில் யாரும் தடுத்ததில்லை.

“கைய எடு” என்றார் மாமா, மெதுவாக.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரி நடையில் நடந்தது அவன் கண்முன் வந்தது.

கருணாகரன் வயர் வேலைக்காரன். நாட்டின் சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் என்று ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடைக்காரர்கள் எல்லோரும் வண்ண விளக்கு கட்டச் சொல்லியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம், ஏணி வழுக்கிவிட்டது. தூக்கிப்போனவர்கள் கொடுத்த தண்ணீர்கூட அவன் வாய்க்குள் இறங்கவில்லை. ஒரு ராத்திரி கிடந்தான். மறுநாள் உச்சிவேளைக்கு மூச்சு நின்றது.

டாக்டர் பொன்னுதுரை வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உடனே போய்விடாமல், சேதுராமனுக்கும் கருணாகரனின் மனைவி ஜெயாவுக்கும் எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஒண்டு கேக்கவேணும். கேக்கிற நேரமில்லை இது, தெரியும். பக்கத்து வாட்டில ஒரு பிள்ளை கிடக்குது. அடுப்பு வெடிச்சு அரைவாசி உடம்பு எரிஞ்சுபோச்சு. புண்ணை மூடத் தோல் வேணும். அவவின்ர உடம்பில எடுக்க மிச்ச இடமில்லை.”

சேதுராமனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கருணாகரன் கிடந்த அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தான். சுவரோரமாக நின்ற ஒரு பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டார். துணிக்கடை ஜெய்னுலாப்தீன். எரிந்த பெண் அஸ்மா அவர் மகள் என்பது அப்போதுதான் புரிந்தது.

“பாய் ஒத்துக்கிட்டாரா?” என்று கேட்டான். ஏதாவது ஒரு தடை கிடைத்தால் போதுமென்றிருந்தது அவனுக்கு.

ஜெய்னுலாப்தீன்தான் பதில் சொன்னார். “ஆம்பளத் தோலு, வேற மார்க்கம்... ஹஜரத்துகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு பள்ளிவாசல் வரைக்கும் போனேன் தம்பி. வாசல்லேருந்தே திரும்பிட்டேன். அவரு கூடாதுன்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?”

சேதுராமனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. அப்போது ஜெயா பேசினாள். அதுவரை அழாதவள்.

“மொகத்தையும் கையையும் தொடாதீங்க டாக்டர். எங்க அத்த பாக்கணும். அந்தக் கையப் பிடிச்சுட்டுதான் அழுவாங்க. மத்தத எடுத்துக்குங்க.”

அவள் குரல் நடுங்கவில்லை. சேதுராமனுக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

இப்போது மாமாவின் மணிக்கட்டு அவன் பிடிக்குள் முறுக்கிக்கொண்டது. முடிச்சு தளர்ந்துவிட்டிருந்தது. துணியின் ஓரம் விலகிய இடத்தில் தெரிந்ததைப் பார்த்து மாமா இரண்டடி பின்வாங்கினார்.

“என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“தோல எடுத்திருக்காங்க மாமா. எரிஞ்சுபோன ஒரு பொண்ணுக்கு. நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்.”

மறைப்பு வேட்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. “பிடிங்கய்யா ஒழுங்கா!” என்று சேதுராமன் கத்தினான். ஒப்பாரி நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பெண்கள் எழுந்து வரும் சத்தம் கேட்டது.

“உரிச்சுக் குடுத்தியா? கூடப் பொறந்தவன?” மாமா தலையில் அடித்துக்கொண்டார். “ஆத்தா முழுசாப் பெத்தாளேடா. முழுசா அனுப்ப வேணாமா? அங்க போயி எப்படிடா நிப்பான்? நாளைக்கு இந்தக் கம்பத்துல ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் கேப்பான். நான் என்னன்னு சொல்லுவேன்?”

“அவரு சொல்லல. நான் சொன்னேன்.”

ஜெயா பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் பொட்டு இன்னும் அழியவில்லை.

மாமா திரும்பினார். “நீயா? தாலி இன்னும் கழுத்துல கெடக்கு. அதுக்குள்ள அவன் ஒடம்ப அள்ளிக் குடுக்க ஒனக்கு எவன் உரிம குடுத்தான்?”

“மாமா!” என்றான் சேதுராமன். அவன் கை ஓங்கவில்லை. ஆனால் ஓங்கிவிடும் என்று அவனுக்கே தோன்றியது. அரப்பு வழிந்த இரண்டு கைகளையும் வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

பெண்கள் விலகினார்கள். சாரதாம்பாள் வந்தாள். காலையிலிருந்து மகனுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், குளிப்பாட்டத் தூக்கியபோதுதான் விட்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மறைப்பை விலக்கி உள்ளே வந்து, குனிந்து, தளர்ந்த கட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சேதுராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன்னை அறைய வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

“யாரு வீட்டுப் பொண்ணு?”

“துணிக்கட பாய் மக, அம்மா. அஸ்மா.”

“அவரு வந்திருக்காரா?”

வந்திருந்தார். முன்வாசலுக்கும் வெளியே, வண்டி போகும் சடக்கோரத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வர யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒருவர் போய்க் கூப்பிட, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, மறைப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

சாரதாம்பாள் வேட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள். “ஒங்க புள்ள எப்படி இருக்கு பாய்?”

“இன்னும் கண்ணு முழிக்கலம்மா. காலையில வாய நனைச்சாங்க. முழுங்குச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “நேத்துவரைக்கும் அதும் இல்ல” என்றார்.

“எம்புள்ள தோலு அவ மேல ஒட்டிக்கிருச்சா?”

ஜெய்னுலாப்தீன் தயங்கினார். பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தான் சேதுராமன். பொய் சொன்னால் தேவலை என்றுகூட நினைத்தான்.

“இல்லம்மா. நெலைக்காதாம். ரெண்டு மூணு வாரம் உசுரோட இருக்குமாம். அதுக்கப்புறம் தானா உதுந்துரும்னு டாக்டரு சொன்னாரு. அதுக்குள்ள புண்ணு ஆறி, அவ தேறிக்கணும். அம்புட்டுதான்.”

“பாத்தியா!” என்றார் மாமா. “கேட்டியா அக்கா? உதுந்து போறதுக்கு! கடைசில ஒண்ணுத்துக்கும் இல்ல!”

சாரதாம்பாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கட்டின் ஓரத்தை இழுத்து, கலியாணசுந்தரம் அவிழ்த்த முடிச்சைத் தானே போட்டாள். முடிச்சு நிற்காமல் இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. அப்புறம் எழுந்தாள்.

“உசுரோட இருக்கும்னாரா டாக்டரு?”

“அப்படித்தாம்மா சொன்னாரு.”

“அப்ப பதினாறாம் நாளு கருமாதி வேணாம்” என்றாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. “என்னக்கா சொல்ற? கருமாதி செய்யாம...”

“செய்வோம். அது உதுந்ததுக்கப்புறம் செய்வோம். பாய் வந்து சொல்லட்டும். இன்னும் இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணச் சொல்றியாடா?”

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஜெய்னுலாப்தீன் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. ஜெயா கதவு நிலையோடு சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான், நேற்றிலிருந்து முதல் தடவையாக, அவள் வாய்விட்டு அழுதாள். சாரதாம்பாள் அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். போகவில்லை. பலகையின் ஓரமாக உட்கார்ந்தாள்.

சேதுராமன் குடத்தைத் தூக்கினான்.

“இரு” என்றாள் அம்மா. குடத்துக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள். விடியலில் கிணற்றிலிருந்து இறைத்து வைத்த தண்ணீர்.

“சில்லுன்னு இருக்குடா. தோலில்லாத எடத்துல பட்டா தாங்குவானா? கொஞ்சம் வெந்நி கலந்து ஊத்து.”

ஒருவரும் அசையவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கலியாணசுந்தரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூலையில் கவிழ்த்திருந்த சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், புகை வந்துகொண்டிருந்த அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்.