காற்று வாங்கும் இடம்

காரின் சோக்கை இழுத்து வைத்தால் வண்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டுவரச் சொன்னார் அப்பா. அவள் சமையலறையைக் கடந்து, பின்கதவைத் திறந்து, கார் ஷெட்டுக்குப் போய்த் தம்பியிடம் கேட்டாள். ஓடுகிறது, சோக்கை விட்டதும் திணறி நின்றுவிடுகிறது என்று பானெட்டுக்குள் தலையை விட்டபடியே சொன்னான். அதைக் கொண்டுவந்து கட்டிலருகே சொன்னாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அப்பா மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரமாயிற்று.

"அப்ப பெட்ரோல் பத்தலை. இல்லேன்னா எங்கயோ காத்து அதிகமா உள்ள போகுது. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டை மாத்திப் பாக்கச் சொல்லு."

காலையிலிருந்து இப்படித்தான். அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தம்பி கொஞ்சம் குரலை உயர்த்தினால் அப்பாவுக்குக் கேட்கும். உயர்த்தமாட்டான்.

கல்லூரியில் படிக்கும்போது அவன் சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு போனான். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாததைக் கவனிக்காமல் விரட்டியதில் என்ஜின் சூடேறி இறுகிப்போனது. பஸ் ஓட்டிய சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அப்பா வாங்கிய கார். கயிறு கட்டி இழுத்து வந்ததை ஷெட்டில் விட்டுப் பூட்டியவர், அன்றோடு மகனிடம் பேச்சையும் பூட்டிவிட்டார். அவனும் சளைத்தவனில்லை. சாப்பிட வரச் சொல்லு, சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. அம்மா இருந்தவரை அம்மா சுமந்தாள், பிறகு இவள்.

வேலை கிடைத்ததும் தம்பி வெளியூர் போனான். அவள் போகவில்லை. அப்பாவின் நுரையீரல் கெட்டதும், துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையும் போயிற்று. கட்டில், அடுப்பு, ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சல். கரண்ட் போய்விட்டால் என்னாகுமோ என்ற பயத்தில் தெருமுனைக் கடைக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருவாள்.

இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதும் தம்பியை வரவழைத்தாள். வந்தவன் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஷெட்டுச் சாவி எங்கே என்று அவளைக் கேட்டான். உடைக்கப் போட்டிருந்த வேறொரு காரின் என்ஜினை வாங்கிவந்து, தெரிந்த மெக்கானிக்கை வைத்து மாட்டினான். என்ஜின் பெரிது, கார்புரேட்டர் பழையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகட்டை வைத்துப் பொருத்திவிட்டு மெக்கானிக் போய்விட்டார். வண்டி ஓடவில்லை.

அப்பா சொன்னபடி ஜெட்டை மாற்றினான். ஸ்டார்ட் செய்ததும் உறுமி, டப்பென்று ஒரு வெடி வெடித்து, அடங்கிப்போனது. மறுபடியும் அதே. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். இங்கே நின்றால் அப்பாவின் தேய்ந்த குரல் கேட்காது. அங்கே நின்றால் இவன் கூப்பிடுவான். இரண்டு பக்கமும் இல்லாமல் கொஞ்ச நேரம் எங்காவது இருக்கலாமென்றால், போகிற வழியில் இருப்பது சமையலறை. ஒவ்வொரு முறையும் என்ஜின் சாகும் முன் எங்கிருந்தோ மெல்லிய சீறல் ஒன்று வந்தது. அவளுக்கு அது ஏதோ பழகிய சத்தம்போல் இருந்தது.

தம்பி நிமிர்ந்து பழந்துணியில் கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்டுட்டு வா. இது சரியாயிட்டா வண்டியில வந்து உக்காருவாரான்னு கேளு. சின்ன சிலிண்டர் இருக்குல்ல, நானே தூக்கிட்டு வந்து உக்கார வெக்கிறேன். தெருமுனை வரைக்கும் போதும்."

அவள் இதுவரை சுமந்த பேச்சில் இப்படி ஒன்று இருந்ததில்லை. வழியில் சிந்திவிடுமோ என்பதுபோல் மெதுவாக நடந்தாள்.

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அப்பாவின் நெஞ்சு அசையவில்லை. "அப்பா" என்றாள். மூக்கருகே விரலை வைத்தாள். காற்று பட்டது. குழாயின் காற்று. மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மெஷினைப் போட்டாள். ஷெட்டுச் சுவரைப் பார்த்துத் திறந்திருந்த கண்களை மூடிவிட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள்.

"என்னவாம்?" என்று பின்கதவருகே தம்பியின் குரல் கேட்டது.

எழுந்து போனாள். வாயைத் திறந்தபோது வந்தது அப்பாவின் பேச்சு.

"முதல்ல வண்டி நிக்காம ஓடட்டும்னாரு."

தம்பியின் உதட்டில் சிரிப்புபோல் ஏதோ வந்தது. "அப்படித்தான் சொல்வாரு. வேற?"

"கார்புரேட்டருக்கு அடியில காத்து வாங்குதாம். குக்கர்ல கேஸ்கெட் சரியா உக்காராட்டி ஸ்ஸுன்னு வருமே, அந்த மாதிரி. தகட்டைக் கழட்டிப் பாக்கச் சொன்னாரு."

"குக்கர்னா சொன்னாரு?"

"ம்."

அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்துக் கழற்றினான். தகட்டின் ஓரத்தில் கேஸ்கெட் மடங்கிக் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்றைத் தாளில் வரைந்து வெட்ட ஆரம்பித்தான்.

அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயை எடுத்தாள். அது மூக்கோரம் பதித்திருந்த தடத்தை விரலால் நீவினாள். மெஷினை நிறுத்தக் கை போனது. இரைச்சல் நின்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடட்டும் என்று விட்டாள். யாருக்குமில்லாமல் காற்று வந்துகொண்டேயிருந்தது. ஜன்னலைத் திறக்கவும் தோன்றவில்லை.

ஷெட்டில் என்ஜின் பிடித்தது. சோக்கை விட்டபின்னும் ஓடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். சத்தம் தயங்காமல் ஏறி, இறங்கி, ஒரே சீராக நிலைத்தது. சமையலறையில் காலடி கேட்டதும் அவள் வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"ஓடுதுக்கா. கேட்டுச்சா அவருக்கு?"

அவள் கதவை மறைத்து நின்றாள்.

"தள்ளு. நானே சொல்லிக்கிறேன்."

முழங்கை வரைக்கும் கிரீஸ். கன்னத்திலும் ஒரு தீற்றல்.

"கையைக் கழுவிட்டு வாடா" என்றாள்.

அவன் சமையலறைக் குழாயைத் திறந்து சோப்பு போட்டான். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துத் தேய்த்தான். ஈரக்கையால் தலைமுடியைப் படிய வைத்து, காலரைச் சரிசெய்துகொண்டான். கையை விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தான். கதவில் முதுகை வைத்தபடி அவள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.