குழலுக்கு அடியில் ஓர் எண்

வெந்நீரில் சோப்பைச் சீவிப் போட்டாள் ஆர்லீன். மிசௌரிக் குன்றுகளில் இருந்த அந்தச் சுடும் மைதானத்தில், போட்டி முடிந்ததும் பழங்காலக் கருமருந்துத் துப்பாக்கியைக் கழுவாமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும். வெளியே எண்ணெய் மினுமினுக்கும். உள்ளே ஒரே வாரத்தில் துரு தின்றுவிடும்.

அது அவளுக்கு நன்றாகவே தெரியும். போன வருடம், கணவன் ராய் இறந்த மறுமாதம், அவனுடைய ரிவால்வரைக் கொழுந்தன் ட்வைட் ஒரு போட்டிக்காக இரவல் வாங்கிப் போனான். பத்து நாள் கழித்து ஒரு காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். செங்கல் பொடி அப்பியதுபோல இருந்தது. கழுவ மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தான். ராய் நாற்பது வருடம் குழந்தையைப்போல் வைத்திருந்த துப்பாக்கி. அதைக் காலுறையோடு சமையலறை மேசை இழுப்பறையில் போட்டவள், பிறகு கையில் எடுக்கவே இல்லை. ஆனால் கரண்டி எடுக்கும்போதெல்லாம் அந்தக் காலுறை கண்ணில் படும், இழுப்பறையை அறைந்து சாத்துவாள்.

இன்று ட்வைட்தான் முதலிடம். அடுத்த ஞாயிறு மாநிலப் போட்டி. அந்த நேரம் பார்த்து அவன் மகளுக்குப் பிரசவ வலி என்று ஃபோன் வந்தது. அவன் தன் ரிவால்வரை ஆர்லீன் முன்னால் வைத்தான்.

"அண்ணி, இதையும் கழுவி வெச்சிடுங்க. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்."

கார் கிளம்பியதும் பக்கத்தில் இருந்த கிழவர் கிளெம் சிரித்தார். "தாத்தா ஆகப்போறான். இன்னும் இவனுக்கு அடுத்தவங்கதான் கழுவி விடணும்."

ஆர்லீன் சிரிக்கவில்லை. கழுவப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். வெளியே மட்டும் எண்ணெய் தடவினால் போதும். பாழாகப்போவதை ஒருமுறை பார்க்கலாமே என்று குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றினாள். அடியில் எண் இருந்தது. கட்டைவிரலால் கரியைத் துடைத்தாள். 4417. ராய் தன் துப்பாக்கியின் எண்ணையே வீட்டு வாசல் பூட்டுக்கும் வைத்திருந்தான். தினமும் அவள் திருகுகிற எண். கைப்பிடியோடு இருந்த துப்பாக்கிச் சட்டத்திலோ வேறு எண்.

ட்வைட் கழுவ மறக்கவில்லை. அன்று துருப்பிடித்திருந்தது அவனுடைய சொந்தக் குழல். அதை ராயின் துப்பாக்கியில் மாட்டி விதவை தலையில் கட்டிவிட்டான். எண்ணெல்லாம் இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பான்.

ஆர்லீன் அந்தக் குழலை, உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை கழுவினாள். வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, காலுறையில் இருந்த துப்பாக்கியின் ஆப்பையும் தட்டினாள்.

சனிக்கிழமை ட்வைட் பேத்தியின் படத்தோடு வாசலுக்கு வந்தான். அவள் கனமான அந்தக் காலுறையை நீட்டினாள். அதைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"கழுவினீங்களா அண்ணி?"

"உன்னுது எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு."

கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினாள். நான்கு, நான்கு, ஒன்று, ஏழு. நிதானமாக எண்களைக் கலைத்துவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம், அவன் காலுறைக்குள் கைவிடாமல் நின்றுகொண்டிருந்தான்.