புயல்மகளின் கண்

ஜெனோவுக்கு ஒரு புத்தகம் பிடிக்காமல் போனால், அதை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கத் தெரியாது. நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். அதுவும் சும்மா சொல்ல மாட்டான். தோலை உரித்துத் தொங்கவிட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரன், வயது முப்பத்து மூன்று, நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். பகலில் வோல்ட்மீட்டர் எடுத்துக் கொடுப்பான். வீட்டுக்கு வந்தால் 'கட்டத்துக்குள்ளே' என்று ஒரு வலைப்பூ. மதுரையிலிருந்து மாதாமாதம் வரும் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளை வாங்கிப் படித்து, அதில் விமர்சனம் எழுதுவான்.

'நிழல்வேந்தன்' தொடரைப் பற்றி அவன் எழுதியது இது: "இவர் இதுவரை நான்கு முறை செத்துவிட்டார். ஐந்தாம் முறை அடக்கத்துக்கு ஆள் கிடைக்காது." 'இரட்டைக் கவசம்' தொடர் ஒரே சண்டையை மூன்று இதழுக்கு இழுத்தபோது, "யாரோடு சண்டை என்பது இந்நேரம் சண்டை போடுகிறவனுக்கே மறந்திருக்கும்" என்று எழுதினான். சொன்னதில் பெரும்பாலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவனைக் கெடுத்தது. நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எவ்வளவு ஆழமாகக் குத்தினாலும் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அவன் உயிரை விட்டுப் படித்த தொடர் ஒன்றே ஒன்றுதான், 'புயல்மகள்'. காற்றைக் கையில் பிடித்துச் சுழற்றுகிறவள், கடலில் கவிழ்ந்த படகுகளை நிமிர்த்துகிறவள். முதல் இதழிலிருந்து அத்தனையையும் பாலித்தீன் உறை போட்டு வைத்திருந்தான். 2012 ஜூலையில் பதிப்பகம் ஓவியரை மாற்றியது. புது ஓவியர் கையில் புயல்மகளின் முகம் கொஞ்சம் கோணிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஜெனோவோ தன் வீட்டுப் பெண்ணை யாரோ கைநீட்டி அடித்துவிட்டதுபோல் கொதித்துப்போய், ஒரே மூச்சில் எழுதி ஏற்றினான்.

"புயல்மகளின் ஒரு கண் மணவாளக்குறிச்சியைப் பார்க்கிறது, இன்னொரு கண் மண்டைக்காட்டைப் பார்க்கிறது. எந்தப் பக்கம் நின்று அடி வாங்குவது என்று தெரியாமல் வில்லன் தவிக்கிறான். இந்த முகத்தோடு யாரைக் காப்பாற்றினாலும் அவன் நன்றி சொல்லாமல் திரும்பக் கடலிலேயே குதித்துவிடுவான். இவளைப் பெற்றவர்கள் தயவுசெய்து வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும்."

நூற்று நாற்பது பேர் கீழே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். நூற்று நாற்பத்தோராவதாகப் பதிப்பகத்தின் ஆசிரியரே வந்து, கருத்தைப் பரிசீலிப்பதாக ஒரு வரி எழுதினார். இரண்டு நாள் ஜெனோவுக்குக் கால் தரையில் படவில்லை.

செப்டம்பரில் முட்டத்தில் பெண் பார்க்கப் போனான். பெண் பெயர் பிரிஜா. மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். காப்பித் தட்டோடு வந்தவள் தலையைத் தூக்கினாள். இடது கண் அவனைப் பார்த்தது. வலது கண் அவனைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய் நின்றது. நல்ல மாறுகண். இதற்காகவே ஒன்பது பேர் காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போயிருந்தார்கள். ஜெனோவும் எழுந்து போகிறவனாகத்தான் இருந்தான். ஆனால் பொழுதுபோக்கு என்ன என்ற பேச்சு வந்து, அவன் கொஞ்சம் வெட்கத்தோடு சித்திரக்கதை என்று சொன்னபோது, அவள் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"இவ்வளவு பேரக் காப்பாத்துறவங்க எப்பம் சோறு திங்குவாங்க?"

இருபது வருடம் சித்திரக்கதை படித்தவனுக்கு இது தோன்றியதே இல்லை. வரும் வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்தான். வீடு வந்து சேர்வதற்குள் அவளைப் பிடித்துப்போயிருந்தது. சும்மா இல்லை, மெய்யாகவே பிடித்திருந்தது. அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

நிச்சயம் முட்டத்தில் வீட்டோடு முடிந்தது. அதன் பிறகு தினமும் போனில் பேச்சு. வகுப்பில் நடப்பதை அவள் தன்னையே கேலி செய்து சொல்லுவாள். ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்டால் இரண்டு பிள்ளைகள் எழுந்து நிற்குமாம். இரண்டில் எது விடை சொன்னாலும் சரி என்று விட்டுவிடுவாளாம். சிரித்துக்கொண்டே சொன்னவள் ஒருநாள் சிரிப்பை நிறுத்தினாள். பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் பரிசு வாங்க மேடையேறியபோது, பின்வரிசையிலிருந்து ஒருவன் கோங்கண்ணி என்று கூப்பிட, பள்ளிக்கூடமே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறியதில்லை. டீச்சர் வேலையில் நிற்பதுகூட மேடை இல்லாத வகுப்பறையில்தான்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன்" என்றாள். "கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் எல்லாவரும் என்னத்தான் பாப்பாவ. அன்னைக்கு மட்டும் ஆரும் சிரிக்காம பாத்துக்கிடணும். மத்த நாளு நான் பாத்துக்கிடுவேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெனோ வாக்குக் கொடுத்தான். கொடுத்த வேகத்திலேயே அவனுக்குக் கிருஷ்ணமணியின் ஞாபகம் வந்தது.

கிருஷ்ணமணி கல்லூரிக் கூட்டாளி. நாகர்கோவிலில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். இந்த ஜில்லாவில் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் கூட்டாளிகள் வைக்கும் கேலி பிளெக்ஸ் இல்லாமல் மாப்பிள்ளை உள்ளே போக முடியாது. மாப்பிள்ளையின் மானத்தைப் பத்தடிக்கு எட்டடியில் வாங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் படம் போடுவது கிருஷ்ணமணி, வசனம் எழுதுவது ஜெனோ. கிருஷ்ணமணியின் கல்யாணத்திலேயே அவனுடைய வழுக்கையை வைத்து ஜெனோ எழுதியிருந்த ஆறு வரியைப் படித்துவிட்டு அவன் மாமனார் பந்தியில் புரையேறச் சிரித்தார். கிருஷ்ணமணியும் சிரித்தான். சிரிக்காமல் எப்படி முடியும்? அதுதான் வழக்கம்.

ஜெனோ அவனிடம் போய்த் தனக்குப் பிளெக்ஸ் வேண்டாம் என்று சொன்னான். கிருஷ்ணமணி ஏன் என்று கேட்டான். அங்கேதான் ஜெனோவின் நாக்கு மடங்கியது. அவளுக்குக் கண் இப்படி என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரு வரி. ஊரையே கிழித்து எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. கூட்டாளிகள் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை. நிச்சயத்தன்று ஸ்டூடியோக்காரன் அவளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி எடுத்த படத்தைத்தான் ஜெனோ எல்லோருக்கும் காட்டியிருந்தான். பழைய ஓவியர் வரைந்த புயல்மகள் மாதிரி இருப்பாள் என்று வேறு பீற்றியிருந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் ஜூலை மாத விமர்சனத்தை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். அதனால், சும்மாதான், எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று மழுப்பினான். எல்லா மாப்பிள்ளையும் சொல்கிற அதே வார்த்தை. அதைக் கேள்விப்பட்ட கூட்டாளிகள் அப்போதே பிளெக்ஸ் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றாவது செய்தான் என்று பார்த்தால் அதுவும் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வலைப்பூவைத் திறந்து அந்த விமர்சனத்தை அழிக்கப் போனான். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவன் மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்தான். மண்டைக்காட்டு வரியில் அவனுக்கே சிரிப்பு வந்தது. அவன் எழுதியதிலேயே நல்லது அதுதான். கீழே ஆசிரியரின் வரி வேறு இருந்தது. வேண்டாம் என்று அமுக்கிவிட்டுப் போய்ப் படுத்தான்.

2013 ஜனவரியில், மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்து, ஜெனோவின் பங்குக் கோயிலில் கல்யாணம். பீடத்தின் முன்னால் பிரிஜா முகத்திரைக்குள் தலை குனிந்தே நின்றாள். பூசை முடிந்து மண்டபத்துக்கு நடந்தபோது, பாண்டு வாத்தியத்துக்கு நடுவில், அவன்தான் அவள் காதில், இனி தலையைத் தூக்கு, நான் இருக்கிறேன் என்றான். அவளும் நம்பித் தூக்கினாள். தூக்கிய கண்ணுக்கு நேராக மண்டப வாசலில் பிளெக்ஸ் நின்றது.

ஆறு கட்டம். சித்திரக்கதை வாசிக்கிறவனுக்குச் சித்திரக்கதையாகவே போட்டிருந்தார்கள். மேலங்கி பறக்கும் ஒரு பயில்வான் உடம்பில் ஜெனோவின் தலை. புயல்மகளின் உடம்பில் பிரிஜாவின் ஸ்டூடியோ முகம். ஊரான் வரைந்த கதாநாயகியைத் திட்டினவனே, இப்போது உன் கதாநாயகிக்கு விமர்சனம் எழுது என்று மேலே கொட்டை எழுத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அவன் வரிகள், ஒரு எழுத்து மாறாமல். ஒரு கண் மணவாளக்குறிச்சி, ஒரு கண் மண்டைக்காடு. வில்லன் தவிப்பது. காப்பாற்றப்பட்டவன் திரும்பக் கடலில் குதிப்பது. பெற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியது. அடியில், 'விமர்சனம்: ஜெனோ, ஜூலை 2012.' படத்தில் அவள் முகம் குறையில்லாமல் இருந்ததால், கேலி முழுக்க ஜெனோ மேல் என்றுதான் கூட்டாளிகள் நினைத்திருந்தார்கள். பாவிகள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

முட்டத்துச் சனம் தரையைப் பார்த்தது. மணவாளக்குறிச்சிச் சனம் பிளெக்ஸைப் படித்தது, பெண்ணைப் பார்த்தது, மறுபடி பிளெக்ஸைப் பார்த்தது. அடக்கிப் பார்த்த ஒரு சிரிப்பு பின்னால் எங்கோ வெடித்தது. பிறகு நிற்கவில்லை. டீச்சர் கல்யாணத்துக்கென்று வேன் பிடித்து வந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. பாண்டுக்காரன் மட்டும் விவரம் புரியாமல் ஊதிக்கொண்டே இருந்தான்.

பிரிஜா முதல் கட்டத்திலிருந்து ஆறாவது கட்டம் வரை நின்று படித்தாள். அவசரப்படவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாகப் போனாள். அடியில் இருந்த பெயருக்கு வந்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

"இது நீங்க எழுதினதா?"

"புஸ்தகத்துல உள்ள பொம்மையப் பத்தி எழுதினது. உன்னப் பாக்கதுக்கு முன்னால."

"பாத்த பெறவும் அழிக்கல்லையா?"

அவள் தாய் வியாகுலம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பிளெக்ஸைக் கிழிக்க ஓடினாள். பிரிஜா அம்மாவின் கையைப் பிடித்தாள். "கிழிக்காண்டாம். சுருட்டி வைங்க. நல்ல ஷீட்டு." அவ்வளவு சொல்லிவிட்டு நேரே போய் மேடையில் ஏறி, சாயங்காலம் வரை தலை குனியாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிருஷ்ணமணி பந்திக்கு வரவில்லை. கை கழுவும் இடத்தில் ஜெனோவைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் செய்வேனாலே? கூட்டாளிட்ட சொல்லக்கூட நாணமா இருந்துன்னா, பின்ன என்ன மயித்துக்குலே கெட்டுன?" என்றான். அதோடு அவன் ஜெனோவின் வீட்டுப் படி ஏறவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. பின்பக்கம் மீன் கழுவுகிற சாய்ப்பு ஒழுகியது. ஊரெல்லாம் செய்கிறதுதான், பழைய பிளெக்ஸை எடுத்துக் கூரையில் விரித்துக் கட்டுவது. பிரிஜா பரணிலிருந்து அந்தச் சுருளை இறக்கினாள். படத்தை மேல் பக்கமாகப் போடு என்று ஜெனோ கெஞ்சிப் பார்த்தான்.

"வெயிலு பட்டா எழுத்து போயிரும்" என்று அவள் படத்தை உள்பக்கமாக வைத்துக் கட்டினாள்.

அன்றிலிருந்து அவன் பல் தேய்ப்பதும், அவள் சாளை மீன் உரசுவதும் அந்த ஆறு கட்டத்துக்கு அடியில்தான். அவள் சண்டை போட்டதில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், ஞாயிறு பூசைக்கு அவனோடு நடந்தாள். போனில் பேசிச் சிரித்த அந்தப் பெண் மட்டும் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. அவளுக்காக அவன் காத்திருந்தான். வலைப்பூவைத் தொட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சனிக்கிழமைத் தபாலில் வந்திருந்த புது இதழை அவன் ஒளித்து வைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு பிரிஜா வந்தாள். முதல் பக்கத்திலேயே ஆசிரியர் எழுதியிருந்தார். நண்பர் ஜெனோவின் கூர்மையான விமர்சனத்தை ஏற்று, போன ஜூலையில் வந்த ஓவியரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தியிருக்கிறார்கள். புயல்மகளின் முகம் சீர் செய்யப்பட்டிருக்கிறது. இதற்காகத்தானே அவன் இத்தனை வருடம் எழுதினான்? ஒரு வருடம் முன்னால் என்றால் சட்டம் போட்டு மாட்டியிருப்பான்.

அவள் அட்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். புயல்மகளின் இரண்டு கண்ணும் அவனை நேராகப் பார்த்தன.

"சரியாக்கிட்டாவ" என்றாள். "எழுதுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

வேண்டாம் என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, நாற்காலியை இழுத்து அவன் தோளோடு தோளாக உட்கார்ந்தாள். அவன் 'புயல்மகளின் முகம்' என்று அடித்தான். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அழகாக இருக்கிறது என்று எழுதினால் ஒரு குத்து, இல்லை என்று எழுதினால் இன்னொரு குத்து. மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கண் திரையில் இருந்தது. ஒரு கண் அவன் மேல் இருந்தது. எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் திரும்பவும் முதல் எழுத்திலிருந்து அழிக்கத் தொடங்கினான்.

"அழிக்காண்டாம்" என்றாள் பிரிஜா. "உங்களுக்கு அழிக்க மனசு வராதுல்லா. எழுதுங்க."